சோறு ஒரு வேளை, அரிசி நான்கு வேளை

காலையில் இடியாப்பம், மதியம் சோறு, நாலரை மணிக்கு வெள்ளைப் பணியாரம், இரவில் தோசை. காரைக்குடியிலோ பள்ளத்தூரிலோ இப்படி ஒரு நாளை முடிப்பவரிடம், "சர்க்கரை கூடியிருக்கிறதே ஆச்சி, சோற்றைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் ஒரு வேளைதானே சாப்பிடுகிறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சோறு ஒரு வேளைதான். அரிசிதான் நான்கு வேளையும் வந்துவிடுகிறது.

"அரிசியைக் குறையுங்கள்" என்று மருத்துவர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். ஏன், எவ்வளவு, குறைத்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விகள் வீட்டுக்கு வந்து இலை போட்ட பிறகுதான் எழுகின்றன. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒருவர் அரிசியை விஷம் என்பார். இன்னொருவர் பாட்டன் சாப்பிட்டதில் குறையே கிடையாது என்பார். இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போன அரிசி உடம்பில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ரத்தத்தில் ஒரு தேக்கரண்டி

சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் 7 அல்லது 8 கிராம். கொழுப்பு ஒரு கிராமுக்கும் கீழே. வேகும்போது அரிசி தண்ணீரைக் குடித்து இரண்டரை முதல் மூன்று மடங்கு எடையாகப் பெருகுகிறது. ஆகவே 100 கிராம் சோறு என்றால் 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. அதைத் துண்டாக்கும் வேலை எச்சிலில் தொடங்கிச் சிறுகுடலில் முடிகிறது. பிறகு குளுக்கோஸ் ரத்தத்தில் சேர்கிறது. சோறு நாக்கில் இனிப்பதில்லை என்பதால் அதைச் சர்க்கரையோடு சேர்த்து நினைக்க மனம் வருவதில்லை. குடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அந்த முழு ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் 5 கிராம் அளவுதான், அதாவது ஒரு தேக்கரண்டி. இப்போது ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் நெய்யும் ஊற்றிக்கொள்ள ஒரு முறை, குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு. நான்கு முறை சோறு வாங்கினால் 400 கிராம் சாதாரணமாக ஆகிவிடும். மாவுச்சத்து 112 கிராம். ஒரு தேக்கரண்டிக்குப் பழகிய இடத்தில் சில மணி நேரத்துக்குள் இருபது மடங்குக்கு மேல் வந்து சேருகிறது.

அதைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் குளுக்கோஸை இரண்டு பெரிய இடங்களுக்கு அனுப்பிச் சேமிக்கிறது: கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம் வரை. நம் பக்கத்துக் கண்மாயின் கணக்கே இதற்கும் பொருந்தும். மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ந்திருந்தால் அடுத்த மழையைக் கண்மாய் வாங்கிக்கொள்ளும். பாயாமல் நிறைந்தே கிடந்தால் வந்த நீரெல்லாம் கலிங்கு வழியாக வெளியேறும். தசைகள் வேலை செய்து இருப்பைச் செலவழித்திருந்தால் மதியச் சோற்றுக்கு அங்கே இடம் இருக்கும். நாள் முழுதும் கடையில் உட்கார்ந்திருந்தவரின் தசைகளில் காலை இடியாப்பமே இன்னும் தீர்ந்திருக்காது.

இடமில்லாமல் மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. எண்ணெய்ப் பலகாரமே தொடாதவர்களுக்கும் ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதலாக இருப்பதும், ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று எழுதிவருவதும் இதனால்தான். "நான் நெய்கூட ஊற்றுவதில்லையே" என்று அவர்கள் திகைப்பார்கள். கொழுப்பு நெய்க் கிண்ணத்திலிருந்து வரவில்லை, சோற்றுப் பானையிலிருந்து வந்தது. இது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஒரு கட்டத்தில் களைத்துப்போகிறது. இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

வேகம் ஒன்று, சுமை ஒன்று

எந்த உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்க ஓர் எண் உண்டு. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் அவரது குழுவினரும் 1981இல் முன்வைத்த கிளைசீமிக் குறியீடு அது. தூய குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளை அதனோடு ஒப்பிடுகிறார்கள். 55 வரை குறைவு, 70 முதல் அதிகம்.

அரிசியின் எண் என்ன என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பங்கேற்ற ஆய்வில் 235 நெல் வகைகளைப் பார்த்தபோது, 48 முதல் 92 வரை பரவிக் கிடந்தது, சராசரி 64. காரணம் மாவுச்சத்தின் அமைப்பு. அமைலோஸ் என்ற நேர்ச்சங்கிலி அதிகமாக இருக்கும் அரிசி உதிரியாக வேகும், மெதுவாகச் செரிக்கும். அமைலோபெக்டின் என்ற கிளைச்சங்கிலி அதிகமானால் சோறு குழையும், விரைந்து செரிக்கும்.

இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு "குறைந்த குறியீட்டு அரிசி" என்று அச்சிட்ட பையை இரட்டை விலைக்கு வாங்குவோரைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். வேகம் குறைந்தால் மட்டும் போதாது. எவ்வளவு வருகிறது என்பதும் கணக்கு. அதற்குத்தான் கிளைசீமிக் சுமை என்ற இரண்டாவது எண்: குறியீட்டை மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். 20க்கு மேல் போனால் அதிகம். குறியீடு 70 உள்ள சாதாரணச் சோறு 120 கிராம் சாப்பிட்டால் சுமை 24க்குள் நிற்கிறது. குறியீடு 55 உள்ள விலை உயர்ந்த அரிசியை 400 கிராம் சாப்பிட்டால் 62. பை எதுவானாலும் கரண்டிதான் தீர்மானிக்கிறது.

பச்சரிசி, புழுங்கல், கவுனி

நெல்லின் உமியை நீக்கினால் கிடைப்பது தவிட்டோடு கூடிய அரிசி. அந்தத் தவிட்டிலும் முளையிலும்தான் நார்ச்சத்து, மெக்னீசியம், பி வைட்டமின்களின் பெரும்பகுதி இருக்கின்றன. புதுவயல் ஆலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வெளிவரும் பளபளப்பான அரிசியில் அந்தப் படலம் இல்லை. வெள்ளையாக இருந்தால்தான் விலைபோகும் என்பதால் ஆலைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. பழுப்பு அரிசியைக் கொண்டுவந்து வைத்தால் நாமே முகம் சுளிப்போம்.

தவிடு போனால் என்ன ஆகும் என்பதை உலகம் முதலில் கோழிகளிடமிருந்து கற்றது. 1890களில் ஜாவாவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி போட்டதும் தேறுவதையும் கவனித்தார். பெரிபெரி என்ற நோயின் முடிச்சு அங்கேதான் அவிழத் தொடங்கியது. குறைந்திருந்தது பி1 வைட்டமின் என்பது பின்னால் தெரியவந்தது. 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்து உலர்த்திப் பிறகு அரைப்பவர்கள் இந்தக் கேட்டிலிருந்து பெருமளவு தப்பினார்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, மாவுச்சத்தும் இறுகிக்கொள்கிறது. ஒரே நெல்லில் எடுத்த பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி பொதுவாக மெதுவாகச் செரிப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் செட்டிநாட்டுச் சமையலறைக்கு ஒரு சிக்கல். சோற்றுக்குப் புழுங்கல் என்றாலும், பலகாரம் என்று வந்துவிட்டால் பச்சரிசிதான். இடியாப்பம், கொழுக்கட்டை, கந்தரப்பம், அதிரசம், சீப்புச் சீடை, தேன்குழல் எல்லாம் பச்சரிசியை மாவாக்கிச் செய்பவை. மாவாக அரைத்துவிட்டால் செரிமான நொதிகளுக்கு வேலை இன்னும் எளிது. வெள்ளைப் பணியாரத்தின் அளவு தெரியும் அல்லவா? ஒரு டம்ளரில் பச்சரிசியை நிரப்பி, அதன் மேல் கோபுரமாக உளுந்தைக் குவிக்க வேண்டும். அந்தக் கோபுரம் மட்டும்தான் பருப்பு; மீதி முழுவதும் அரிசி, அதுவும் எண்ணெயில் பொரிந்தது. ஆடிக்கும்மாயம் பரவாயில்லை, அதில் உளுந்து முன்னே நிற்கிறது. ஆனால் கருப்பட்டியும் நெய்யும் அதன் பக்கத்திலேயே நிற்கின்றன.

கவுனியைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். பர்மாவில் கொண்டுவிற்கப் போன நகரத்தார் வீடுகளுக்குக் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் கறுப்பு அரிசி. அதன் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் தவிட்டில் இருக்கிறது. தவிடு நீக்காமல் சமைப்பதால் நார்ச்சத்தும் கூடவே வருகிறது. அந்த வகையில் வெள்ளை அரிசியைவிட மேலானதுதான். ஆனால் அதை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம்? குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்து, கல்யாணக் காலைப் பலகாரத்தில் முதல் ஆளாகப் பரிமாறுகிறோம். "கவுனி சர்க்கரைக்கு நல்லதாமே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்குபவரிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது! சர்க்கரை சேர்க்காமல் கஞ்சியாக அளவோடு குடித்தால் அந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி

2020இல் வெளியான பியூர் என்ற பன்னாட்டு ஆய்வு 21 நாடுகளில் 1,32,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் நீரிழிவு அபாயம் 20 சதவீதம் கூடியது. தெற்காசியர்களை மட்டும் தனியே எடுத்தால் 61 சதவீதம். சீனாவில் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. அவர்களும் சோறு தின்பவர்கள்தான். இப்படிப்பட்ட ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிர, அரிசி ஒன்றே காரணம் என்று நிறுவுவதில்லை; சோற்றோடு தட்டில் வேறு என்ன இருக்கிறது, உடல் எவ்வளவு அசைகிறது என்பவற்றுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

உடல்வாகும் ஒரு காரணம். நம்மவர்கள் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அதனால்தான் உடல் எடைக் குறியீடு 25 என்று மற்றவர்களுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோட்டை நமக்கு 23க்கு இறக்கியிருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 11.4 சதவீதப் பெரியவர்களுக்கு நீரிழிவு; தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும் அதே ஆய்வு பின்னர் காட்டியது.

"எங்கள் ஐயா மூன்று வேளையும் சோறு தின்று தொண்ணூறு வயது இருந்தார்" என்ற பேச்சு இந்த இடத்தில் கட்டாயம் வரும். இருந்திருப்பார். அவர் நடந்தே தேவகோட்டைக்குப் போய்வந்தவராக இருக்கும். மேலும், கண்மாயை நம்பிய இந்த வறண்ட சீமையில் எல்லார் வீட்டிலும் ஆண்டு முழுவதும் நெல்லுச் சோறு இருக்கவில்லை. கேழ்வரகும் வரகும் குதிரைவாலியும் பாதி வயிற்றை நிரப்பின. கூடத்து வீட்டில் விருந்துக்கு வடித்த சோறு, வயலில் வேலை பார்த்தவர் வீட்டில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வெந்தது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை விரட்டிய அந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். அரிசி எளிதாகக் கிடைத்த அதே காலத்தில் உடல் உழைப்பு குறைந்துபோனது என்பதைத்தான் சொல்கிறேன்.

எவ்வளவுதான் சாப்பிடலாம்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளெல்லாம் சேர்த்துத் தானியம் 250 கிராம் என்கிறது. இது சமைக்காத எடை. அரிசி, கோதுமை, ரவை, சிறுதானியம் எல்லாம் இதற்குள் அடக்கம். கூடவே பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம். முதலில் சொன்ன நாளை இதோடு வைத்துப் பாருங்கள். இடியாப்பத்துக்கு 75 கிராம் மாவு, மதியம் 140 கிராம் அரிசி, ஆறு பணியாரத்துக்கு 60 கிராம், மூன்று தோசைக்கு 80 கிராம். 355 ஆகிறது. சோற்றில் மட்டும் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு ஏன் சர்க்கரை அளவு இறங்கவில்லை என்று கவலைப்படுபவர்கள் இந்தக் கூட்டலை ஒரு முறை செய்துபார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு அரிசி வேளை என்று முதலில் வரையறுத்துக்கொண்டால், பிறகு கிராம் கணக்கு தானாகவே வசப்படும்.

குறைத்த இடத்தைக் காலியாக விட்டால் இரவு பத்து மணிக்கு முறுக்கு டப்பா திறக்கும். அங்கே காயும் பருப்பும் வர வேண்டும். இதற்கு வெளியூர்ச் சமையல் குறிப்பு எதுவும் தேவையில்லை. வெண்டைக்காய் மண்டி, வாழைப்பூக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், பலாக்காய்ப் பிரட்டல், கத்திரிக்காய்க் கோசமல்லி என்று நம் வீடுகளில் காய் சமைப்பதற்குப் பஞ்சமில்லை. (மண்டிக்கு ஊற்றும் அரிசி களைந்த நீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதில் பெரிதாக ஒன்றுமில்லை.) சிக்கல் பரிமாறும் அளவில் இருக்கிறது. இலையின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி மண்டி, நடுவில் மலைபோலச் சோறு. இதைத் தலைகீழாக்கினால் பாதி வேலை முடிந்தது. பருப்புக்கு இன்னொரு பயனும் உண்டு: அரிசியின் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது. மீன், கோழி, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. குழம்பில் உப்பும் காரமும் ஏற ஏறச் சோறு கூடுதலாக இறங்கும் என்பதையும் சமைப்பவர் நினைவில் வைத்தால் நல்லது.

உண்ணும் வரிசையையும் மாற்றிப்பார்க்கலாம். காயையும் பருப்பையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியாகத் தொட்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சாப்பிட்டதும் கால் மணி நேரம் ஊருணியைச் சுற்றி நடந்தாலும் பயன் தெரியும். நடக்கும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

சில நம்பிக்கைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கஞ்சி வடித்தால் சர்க்கரை எல்லாம் போய்விடும், குக்கர் சோறுதான் கெடுதல் என்பது பரவலான பேச்சு. வடிநீரில் போவது மாவுச்சத்தின் சிறு பகுதிதான். கூடவே பி வைட்டமினும் போகிறது. இரவில் சப்பாத்திக்கு மாறியவர்கள் நான்கு, ஐந்து என்று அடுக்கினால் மாவுச்சத்து சோற்றளவுக்கே வந்து நிற்கும். நாரும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கேழ்வரகுக் கூழுக்கும் இதே விதி. பழைய சோற்றில், ஆறி ஊறும்போது மாவுச்சத்தின் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வடிவமாக மாறுகிறது என்பது உண்மை. பங்கு சிறியது. சட்டி நிறையக் குடித்தால் அந்த லாபம் கரைந்துபோகும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்க வேண்டாம். மருந்தின் அளவு பழைய சோற்றளவுக்கு ஏற்ப எழுதப்பட்டது. உணவு மட்டும் திடீரென்று குறைந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம்கூட வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையும் கறியையும் தாமாகக் கூட்டிவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் கணக்கே வேறு.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஊராரிடம் கேட்க வேண்டியதில்லை. ஒரு நாள் இடியாப்பம் தேங்காய்ப்பாலோடு, இன்னொரு நாள் அதே எண்ணிக்கை இடியாப்பம் காய் போட்ட திரக்கலோடும் ஒரு முட்டையோடும். இரண்டு நாளும் முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள். நீரிழிவு இல்லாதவருக்கு 140க்குக் கீழே இருக்க வேண்டும். இருப்பவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தந்திருப்பார்.